இடது கால் செய்த வேலை

“ஏன் டீச்சர், ஒரு சக்கரம் வெறும்னே சுத்துது, இன்னொண்ணு வெறும்னே நிக்குது. ரெண்டுல எது குத்தவாளி?”

கல்யாணம் முடிந்து வந்த புதிதில் நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வி இது. ஏலத்தோட்டத்துச் சேற்றில் ஜீப் மாட்டிக்கொண்டு, பாதி நாளை அங்கேயே தொலைத்துவிட்டு வந்திருந்தீர்கள். கை கால் கழுவுவதற்கு முன்பே கேட்டீர்கள். பெண்டாட்டி அறிவியல் டீச்சர் என்றால் சோதித்துப் பார்க்க வேண்டாமா? சுற்றுகிற சக்கரம்தான் என்றேன். இல்லை என்றீர்கள். அப்படியானால் நிற்கிற சக்கரம் என்றேன். அதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டீர்கள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் இரண்டு சிறுமிகள் ஒரு கம்பில் தண்ணீர் வாளியைக் கோத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்திக்குக் கை வழுக்கியது. மற்றவள் கெட்டியாகப் பிடித்திருந்தும் வாளி தரையில் கிடந்தது. அப்போதுதான் எனக்கு விடை பிடிபட்டது. சக்கரங்கள் மேல் குற்றம் இல்லை. பின் அச்சின் நடுவில் உட்கார்ந்து, இரண்டுக்கும் பலத்தைச் சரிபாதியாக மட்டுமே பிரித்துக் கொடுக்கத் தெரிந்த, டிஃபரன்ஷியல் என்கிற அந்த நடுக்கூடுதான் காரணம். வழுக்குகிற சக்கரம் எவ்வளவு வாங்குமோ, அவ்வளவுதான் நல்ல தரையில் நிற்கிற சக்கரத்துக்கும் கிடைக்கும். சாயங்காலம் வந்து சொன்னேன். “பாஸ்” என்றீர்கள். அதற்குப் பிறகு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை. கேலிக்குச் சொன்ன ‘டீச்சர்’ அப்படியே நிலைத்துவிட்டது.

இன்று காலை உங்கள் தம்பி சேவியர் நம் வாசலில் ஜீப்பை நிறுத்தி அந்தக் கூட்டின் மூடியைக் கழற்றினான். ஆயில் மாற்ற வேண்டுமாம். கியர் ஆயிலின் வாடை அடுப்படி வரைக்கும் வந்தது. அழுகிய முட்டையும் கருகிய ரப்பரும் சேர்ந்தாற்போல ஒரு வாடை. உங்கள் சட்டைகளில் எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத வாடை. உலை கொதித்துக்கொண்டிருந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். “என்ன மதினி, தலை சுத்துதா?” என்று சேவியர் எட்டிப் பார்த்தான். இல்லை என்றேன். உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியதை அவனிடம் எப்படிச் சொல்வது?

கம்பம் ஊரிலிருந்து மெட்டு என்கிற மலைப்பாதை ஏறி, கேரள எல்லை தாண்டி, ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போவது உங்கள் பிழைப்பு. நான் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவள் என்பதால், நீங்கள் போய் வந்த அந்த வழியைப் பார்த்ததே இல்லை. ஆனால் தோட்டத்துக் கடைசிச் சரிவை எனக்குத் தெரியும். சாப்பாட்டுத் தட்டில் சோற்றைச் சரிவாக ஒதுக்கி, வாழைத்தண்டுத் துண்டை ஜீப்பாக்கி, நடுவில் ஊறுகாயைப் பாறையாக வைத்து எத்தனை முறை காட்டியிருப்பீர்கள்! முன் சக்கரமும் இழுக்கிற வண்டிதான். ஆனாலும் பின்னால் ஆள் பாரம் இருப்பதால் சரிவில் முன்பக்கம் லேசாகிவிடும். வலது பின் சக்கரம் பாறை விளிம்பில் தொங்கும். அது சுற்றத் தொடங்கினால் வண்டி நின்றுவிடும்.

அப்போது இரண்டு காரியம் நடக்கும் என்பீர்கள். வண்டியில் வருகிறவர்களில் கனத்த ஆள் பேச்சியம்மா. அவள் யாரும் சொல்லாமலே இறங்கி, பின்பம்பரில் வலது ஓரமாக ஏறி நின்றுகொள்வாள், தொங்குகிற சக்கரத்துக்குப் பாரம் கொடுக்க. “நான் தின்ன சோறெல்லாம் ஒங்க அண்ணன் டயருக்குத்தான்” என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பாளாம். இரண்டாவது காரியம் உங்கள் இடது கால். வலது காலால் ஆக்சிலேட்டரை ஒரே நிலையில் வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக்கைப் பூப்போலத் தொடுவீர்கள். சுற்றுகிற சக்கரத்துக்கு ஒரு தடை கிடைத்தவுடன் நிற்கிற சக்கரத்துக்கும் பலம் போகும். கம்பை விட்டவள் கையில் மறுபடி கம்பைத் திணிப்பது மாதிரி. கொஞ்சம் கூடினால் வண்டி நின்றுவிடும், குறைந்தால் சக்கரம் சுற்றும். அந்த அளவை அறிவதற்காகவே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஓட்டுவீர்கள்.

கைப்பிரேக்கை இழுத்தால் ஆகாதா என்று நான் ஒருமுறை கேட்டேன். “நம்ம வண்டியில கைப்பிரேக்கு சக்கரத்தப் பிடிக்காது டீச்சர். பின்னச்சுக்குப் பலம் கொண்டுபோற நடுத்தண்டைத்தான் பிடிக்கும். அது ரெண்டு பேரையும் சேத்து நிப்பாட்டிப்புடும்” என்றீர்கள். அந்த முறை எனக்குத்தான் மார்க் குறைந்தது.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு கோடையில், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, லாக்கர் வைக்க வேண்டும் என்றீர்கள். இரண்டு பின் சக்கரங்களையும் ஒன்றாகக் கட்டிவிடுகிற சாமான். சரிவு முன்னைவிட மோசமாகிவிட்டது, மழை மண்ணை அரித்துவிட்டது என்று காரணம் சொன்னீர்கள். இனிமேல் சேவியரும் மாற்றி மாற்றி ஓட்டட்டும் என்றீர்கள். அவன் அதுவரை பால் வேன் ஓட்டியவன். சமதரையில் போய்ப் பழகியவன். சாரல் காலம் தொடங்குவதற்குள் அவன் அந்தச் சரிவில் பெண்களைப் பத்திரமாக ஏற்றி இறக்கும்படி செய்துவிட வேண்டும் என்பதில் ஏனோ அவ்வளவு அவசரப்பட்டீர்கள். வயதாகிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அல்லிநகரத்தில் மெக்கானிக் பாய் வைத்திருந்த பட்டறைக்கு நானும் வந்தேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை? நம் கையில் இருப்பது கொஞ்சம்தான் என்று பாயிடம் முதலிலேயே சொல்லிவிட்டீர்கள். இருப்பதிலேயே மலிவு, கூட்டுக்குள் இருக்கிற ஸ்டார் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரங்களை அசையாதபடி வெல்டு வைத்துவிடுவது என்றார் பாய்.

“ஒரு மத்தியான வேலைண்ணே. சரிவுல சும்மா ஆடு மாதிரி ஏறும். ஆனா மெட்டு எறங்கும்போது, மழை பேஞ்ச தார் ரோட்டு வளைவுல, வண்டி ஒங்க பேச்சக் கேக்காது. நேராத்தான் போவேன்னு நிக்கும்.”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். சுதந்திர தின அணிவகுப்பைச் சொன்னேன். வரிசை மூலையில் திரும்பும்போது உள்பக்கப் பிள்ளை நின்ற இடத்தில் கால் மாற்றும், வெளிப்பக்கப் பிள்ளை ஓட வேண்டியிருக்கும். எல்லோர் காலையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டால் வரிசை திரும்பாது. நேராகப் போய்க் கொடிக்கம்பத்தில் முட்டும். நம் வண்டியில் கொடிக்கம்பம் இருக்கிற இடத்தில் பள்ளத்தாக்கு. வெல்டு வேண்டாம் என்று அங்கேயே முடிவானது.

சுவிட்ச் போட்டால் பூட்டிக்கொள்வது, எடுத்தால் விட்டுவிடுவது ஒன்று இருக்கிறது. அதுதான் உத்தமம், ஆனால் விலை நமக்கு எட்டாது என்றார் பாய். விலை எட்டினாலும் வேண்டாம் என்றீர்கள். “சேவியர் போட்டுட்டு எடுக்க மறந்துருவான். வீட்டுல பேன் சுவிட்சையே அமத்தாமப் போற பய.” உள்ளே தட்டுகள் உரசிப் பிடிப்பது இன்னொன்று. சத்தம் கிடையாது, தார் ரோட்டில் சாது. ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும் இடத்தில் அதற்குப் பலம் போதாது, தட்டும் தேயும். கடைசியில் நம் பழைய கூட்டுக்குள்ளேயே ஸ்டார் பினியன் இருந்த இடத்தில் உட்காரும் சின்ன லாக்கர் போதும் என்று ஆயிற்று. பலம் கொடுக்கும்போது தானாகப் பூட்டும். வளைவில் காலை இதமாக வைத்தால் வெளிச்சக்கரத்தை முன்னே ஓட விடும். அப்படி விடும்போது பல் தாண்டி டக் டக்கென்று சத்தம் போடும். மறதிக்காரனுக்கு ஏற்றது. பாய் ஒன்று மட்டும் எச்சரித்தார்: கூடு தேய்ந்திருந்தால், கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரம் இரைச்சல் போட்டால், இதை வைப்பது வீண். பழைய சுவரில் புதுக் கதவு நிற்காது. பிரித்துப் பார்த்தார். நம் கூடு நன்றாக இருந்தது. அவ்வளவு மெதுவாக ஓட்டியிருக்கிறீர்கள் என்று பாராட்டினார். உங்கள் முகம் மலரவில்லை. அதை அப்போது நான் கவனித்தேன், ஆனால் ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு கோடை மழைக்கு மறுநாள் தனியாகப் போய்ச் சரிவில் ஏற்றிப் பார்த்துவிட்டு வந்தீர்கள். “ஏறிருச்சு” என்றீர்கள். அதோடு விஷயம் முடிந்ததுபோல் செய்தித்தாளை விரித்துவிட்டீர்கள்.

நான் விடவில்லை. “ஏங்க, நீங்க ஓட்டுனீக, ஏறிருச்சு. சேவியர் ஓட்டுனா?”

கரும்பலகையில் கணக்கை நானே போட்டு முடித்துவிட்டு, புரிந்ததா என்று கேட்டால் வகுப்பே தலையாட்டும். பரீட்சையில்தான் தெரியும் யாருக்குப் புரிந்தது என்று. நீங்கள் ஓட்டினால் எந்தச் சாமானும் பாஸாகிவிடும். உங்கள் கை அதன் குறையை மூடிவிடும். இதைச் சொன்னதும் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சேவியரைக் கூப்பிட்டனுப்பினீர்கள்.

வற்றிக் கிடந்த கண்மாய்க்குப் போனோம். சேவியர் ஸ்டியரிங்கில், நீங்கள் அவனுக்கு இடது பக்கம், நான் பின்னால். அந்த வண்டியில் அந்த இருக்கையில் நீங்கள் அதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தீர்கள். சேவியர் வட்டம் போட்டான். டக் என்று சத்தம் வந்தது. “விடாத, விடாத!” என்று நீங்கள் கத்தினீர்கள். அவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தான். வண்டியின் பின்பக்கம் ஒரு உதறு உதறி வெட்டியது. காய்ந்த மண்ணில் இப்படியென்றால், மெட்டுத் தார் ரோட்டில் மழையில் என்ன ஆகும் என்று மூவருக்குமே தெரிந்தது. மறுபடி வட்டம். மறுபடி டக். மறுபடி நீங்கள் கத்தினீர்கள், அவன் காலை எடுத்தான்.

“சத்தம் வந்தாப் பயப்படுறான் டீச்சர். இது இவனுக்குச் சரிப்படாது.”

“சத்தத்துக்கு எடுக்கலைங்க. நீங்க கத்துறதுக்கு எடுக்குறாரு.”

சேவியர் திரும்பிப் பார்த்தான். “ஆமாண்ணே” என்றான், ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல. “சின்னப் புள்ளையில இருந்தே நீங்க சத்தம் போட்டா எனக்குக் கையுங்காலும் ஓடாது.”

நீங்கள் தோளில் கிடந்த துண்டின் நுனியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டீர்கள். போ என்று கையைக் காட்டினீர்கள். அந்தப் பிற்பகல் முழுக்கச் சேவியர் வட்டமும் எட்டும் போட்டான். முதலில் டக் சத்தத்துக்குத் தோள் தூக்கிப்போட்டது. பிறகு இல்லை. கால் பதறாமல் நின்றது. கடைசியில் பேசிக்கொண்டே ஓட்டினான், பால் வேன் கதையெல்லாம் சொன்னான். நீங்கள் துண்டைக் கடித்தபடியே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆயுசு முழுக்க வகுப்பில் கத்திக்கொண்டிருந்த எனக்கே வராத பொறுமை.

வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சேவியர் பார்த்தான்.

“அண்ணே, கால்ல என்ன?”

வழக்கம்போல் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நம் ஜீப்பில் சைலன்சர் குழாய் இடது பக்கத் தரைத்தகட்டுக்கு அடியில் போகிறது. அந்தத் தகட்டின் மேல் வெறுங்காலை வைத்துக்கொண்டு பிற்பகல் முழுக்க இருந்திருக்கிறீர்கள். உள்ளங்கால் தோல் வெளுத்து, நீர் கோத்து, ஒரு கையளவு எழும்பியிருந்தது. நீங்கள் காலைத் திருப்பி, யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தீர்கள்.

“வலிக்கலையே” என்றீர்கள். பிறகு என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னீர்கள்: “வலிக்கலைன்னா நல்லதுதான டீச்சர்?”

அன்று இரவுதான் எல்லாம் சொன்னீர்கள். இடது கால் மரத்துப்போய் வெகுகாலம் ஆகிறது. பிரேக்கை எவ்வளவு தொடுகிறோம் என்று கால் சொல்வதே இல்லை. சரிவில் வண்டி நின்று நின்று போனது. பெண்களை வைத்துக்கொண்டு இனிமேல் ஆகாது என்று தோன்றியது. அதனால்தான் லாக்கர். சரிவு மோசமாகவில்லை. மண் அப்படியேதான் இருந்தது.

உங்களுக்குச் சர்க்கரை என்று எனக்குத் தெரியும். மாத்திரையை எடுத்துக் கொடுப்பதே நான்தான். வாசலைத் தாண்டும்போது இடது செருப்பு கழன்று கிடக்கும், நீங்கள் அது தெரியாமல் நடந்து போவீர்கள். “செருப்பு ஒங்களுக்கு முன்னாடியே ரிட்டயர் ஆயிருச்சு” என்று நான் கேலி செய்திருக்கிறேன், நீங்களும் சிரித்திருக்கிறீர்கள். இடது கால் தன் வேலையை விட்டுவிட்டது என்று அது எத்தனை தடவை நம் வாசலிலேயே சொல்லிப் பார்த்திருக்கிறது! நீங்கள் ஜீப்புக்காரர், நான் அறிவியல் டீச்சர். ஒன்று ஓடவில்லை என்றால் அதற்குப் பதில் என்ன சாமான் பொருத்தலாம் என்றுதான் நம் இருவருக்கும் யோசிக்கத் தெரியும். காலுக்குப் பதிலாக லாக்கர் தேடி அல்லிநகரம் போனோம். காலைக் காட்ட எங்கேயும் போகவில்லை.

கொப்புளம் புண்ணானது. புண் உள்ளே இறங்கியது. தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு கணுக்காலுக்கு மேலே. சாரல் தொடங்கியிருந்தது. தினமும் சாயங்காலம் சேவியர் வருவான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “இன்னிக்கும் ஏறிருச்சுண்ணே” என்பான். நீங்கள் தலையசைப்பீர்கள். வேறு எதையும் கேட்க மாட்டீர்கள். ஒருநாள் அவன் வந்து சொன்னபோது நீங்கள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தீர்கள். அப்படியும் சொல்லிவிட்டுத்தான் போனான். அதற்குப் பிறகு நீங்கள் கண் விழிக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து மறுநாள், பெண்கள் கூப்பிட்டார்கள் என்று நானும் ஜீப்பில் ஏறினேன். உங்கள் அடக்கத்துக்கு வர முடியாத தோட்டத்து ஆட்கள் என்னைப் பார்க்க வேண்டும் என்றார்களாம். அத்தனை வருடம் சாப்பாட்டுத் தட்டில் பார்த்த சரிவை அன்றுதான் நேரில் பார்த்தேன். நீங்கள் காட்டியதைவிடச் சின்னது. ஆனால் ஒரு பக்கம் முழுக்கப் பள்ளம். மூடுபனி. சேறு தோல் உரித்த வாழைப்பழம்போல மினுங்கியது.

சரிவின் அடியில் பேச்சியம்மா இறங்கப் போனாள். “உக்காரு ஆத்தா, இறங்க வேணாம்” என்றான் சேவியர். அவள் உட்கார்ந்துகொண்டாள்.

“அண்ணன் இருந்தாகன்னா இந்நேரம் நான் பம்பருல நிப்பேன் டீச்சரம்மா” என்றாள் மெதுவாக. “உக்காந்தே போறது ஒரு மாதிரியாத்தான் இருக்கு.”

வலது பக்கம் தூக்கியது. ஒரு நொடி சக்கரம் அந்தரத்தில் போனது எனக்கே தெரிந்தது. உள்ளே எதுவோ கவ்விப் பிடித்தது. வண்டி திணறவில்லை, வழுக்கவில்லை. சேவியரின் இடது கால் சும்மா தரையில் கிடந்தது. பின்னால் இருந்த பெண்கள் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. யாரோ ரேஷன் கடைச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அத்தனை வருடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றிய சரிவு ரேஷன் கடைப் பேச்சுக்கு நடுவில் முடிந்துபோயிற்று.

ஏறிவிட்டது. நீங்கள் ஆசைப்பட்டது அதுதான். நாம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சாமான் பிசகவில்லை, தம்பியும் பிசகவில்லை, பெண்கள் பத்திரமாக இருக்கிறார்கள். அது ஏறியதை மட்டும் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. ஒரு தடவையாவது நின்றிருக்கலாம். நின்றிருந்தால் அத்தனை பேரும் சேர்ந்து உங்கள் பேரைச் சொல்லியிருப்பார்கள்.

நான் இப்போது முன்போலப் பாதி ராத்திரியில் எழுந்து வீட்டு விளக்குகளை அணைத்தேனா என்று பார்ப்பதில்லை. என் பாதங்களைத்தான் தொட்டுப் பார்க்கிறேன். சேவியருக்கும் போன மாதம் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவனை நாற்காலியில் உட்கார வைத்து, உள்ளங்கால்களைத் திருப்பிப் பார்த்துவிடுகிறேன். “என்ன மதினி, எனக்கு லாடமா அடிக்கப் போறீக?” என்று கூச்சப்படுகிறான். கூச்சப்படட்டும்.

இந்த மடலை உங்களைத் தவிர வேறு யாரும் படிக்க நேர்ந்தால், அவர்களுக்கு ஒரு சின்ன வீட்டுப்பாடம் கொடுக்கிறேன். வீட்டில் சர்க்கரை உள்ளவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு பஞ்சுத் துணுக்கை எடுத்து, அவர் கால்விரல் நுனிகளையும் உள்ளங்காலையும் ஒவ்வோர் இடமாக மெல்லத் தொட்டு, “இப்போது எங்கே தொடுகிறேன்?” என்று கேளுங்கள்.